பரவுவதெல்லாம் எழுத்தாகுமா?

நம் இளைஞர்களுக்கு இப்பொழுது ஒரு புதிய பாடம் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. கைபேசித் திரைக்கும் வாட்ஸப் குழுவுக்கும் முகநூலுக்கும் எழுதுவது எப்படி என்பதே அந்தப் பாடம். தலைப்பிலே அதிர்ச்சி இருக்க வேண்டுமாம். முதல் வரியிலே கோபத்தை மூட்டிவிட வேண்டுமாம். ஆதாரம் தேடி நேரத்தை வீணாக்கலாகாதாம்; கேட்பவர்தாம் யார்? முடிவிலே, "நீ முஸ்லிமாக இருந்தால் இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு" என்று ஒரு கட்டளையும் இருந்துவிட்டால் எழுத்து பூரணமடைந்து விடுமாம். எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற எண்ணிக்கையே எழுதியவருக்குக் கிடைக்கும் பட்டம்!

இந்தப் பாடத்தை வணிகர்கள் மட்டும் நடத்தினால் நாம் வாளாவிருந்திருப்போம். சரக்கு விற்பவர் கூவுவது இயல்பு. ஆனால் தீனின் பெயராலும் சமுதாயத்தின் பெயராலும் எழுதப் புகுந்தவர்களே இதனை ஏற்று, "காலத்திற்கேற்ற தஃவா" என்று பெயரும் சூட்டி மகிழ்கிறார்கள். ஆகவே நாம் வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: பரவுதல் வேறு, பயன்படுதல் வேறு. முன்னதையே பின்னதாக எண்ணி எழுதுகிறவர், படிப்பவரையும் கெடுத்துத் தம் எழுத்தையும் கெடுத்துக் கொள்கிறார்.

கருவியின் மீது குற்றமில்லை

இதைப் படித்ததும், "பழைய மவ்லவிகள் இப்படித்தான், புதியது எது வந்தாலும் எதிர்ப்பார்கள்" என்று சிலர் முணுமுணுப்பர். அவசரம் வேண்டாம். கருவியை நாம் பழிக்கவில்லை. அச்சுப் பொறி நம்மிடையே பரவிய காலத்தில், அறிஞர் சித்திலெப்பை அவர்கள் கண்டியிலிருந்து 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார்கள். 1885இல் 'அஸன்பே சரித்திரம்' என்னும் நாவலையும் வெளியிட்டார்கள். நாவல் என்பது அன்று தமிழுக்கே புதிய வடிவம். அதனை அஞ்சி ஒதுங்காமல் கையில் எடுத்து, அதன் வழியே சமுதாயத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னவர் ஒரு முஸ்லிம் அறிஞரே. புதிய கருவியைக் கையாள்வதில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர்.

சுருக்கமாக எழுத வேண்டியிருப்பதையும் நாம் பழிக்கவில்லை. 2006இல் தோன்றிய ட்விட்டர், ஒரு பதிவுக்கு 140 எழுத்துகள் என்று வரம்பு கட்டியது. 2017 நவம்பரில் அது 280 ஆயிற்று. 2023இல் அந்தத் தளத்தின் பெயரே எக்ஸ் என மாறியது. இத்தனை குறுகிய இடத்தில் என்ன சொல்ல முடியும் என்று கேட்போர், அல்கவ்ஸர் அத்தியாயம் மூன்றே வசனங்களைக் கொண்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சில சொற்களில் பெரும் பொருளை அடக்கும் ஆற்றல் தமக்கு அருளப்பட்டதாகக் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

ரோமாபுரிப் பேரரசர் ஹிர்கலுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் அனுப்பிய மடல் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. சமூக ஊடகத்தில் எழுத விரும்பும் ஒவ்வொருவரும் அதனை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். முதலில் பிஸ்மில்லாஹ். அடுத்து, எழுதுபவர் யார் என்பது. அடுத்து, யாருக்கு எழுதப்படுகிறது என்பது. அதுவும் ரோமர்களின் தலைவர் என்ற தகுதி குறையாமல். அதன்பின் ஸலாம். உடனே விஷயம். இறுதியில், இரு சாராருக்கும் பொதுவான ஒன்றின்பால் அழைக்கும் திருவசனம். சில வாக்கியங்களில் மடல் முடிந்து விடுகிறது. பெயர் மறைக்கப்படவில்லை, எதிரிலிருப்பவர் இழிவுபடுத்தப்படவில்லை, சுற்றி வளைக்கப்படவும் இல்லை. இதைவிடச் சிறந்த பாடத்தை எந்தப் பயிற்சி வகுப்பு நடத்திவிடப் போகிறது?

பலாகா என்ன சொல்கிறது?

நம் அரபிக் கல்லூரிகளில் ஓதிக் கொடுக்கப்படும் கிதாபுகளில் ஒன்று 'தல்கீஸுல் மிஃப்தாஹ்'. ஹிஜ்ரி 739இல் மறைந்த கதீப் கஸ்வீனி அவர்கள் இயற்றியது. சொல்வன்மைக்கு அதில் தரப்படும் இலக்கணத்தின் சாரம் இது: பேச்சு தெளிவும் செம்மையும் உடையதாக இருக்க வேண்டும், கேட்பவரின் நிலை எதை வேண்டுகிறதோ அதற்குப் பொருந்தியும் இருக்க வேண்டும். இந்தப் பொருத்தத்தைத்தான் முக்தளல் ஹால் என்கிறோம். சந்தேகமற்றவரிடம் சொல்வது ஒருவிதம். ஐயம் கொண்டவரிடம் சொல்வது ஒருவிதம். மறுத்து நிற்பவரிடம் சொல்வது வேறொரு விதம். சுருக்கமாகிய ஈஜாஸும் விரிவாகிய இத்னாபும் தத்தம் இடத்தில் அழகுடையவை.

கேட்பவரின் நிலைக்குப் பொருந்துவதும் கேட்பவரின் பலவீனத்துக்குத் தீனி போடுவதும் ஒன்றல்ல. நோயாளிக்கு ஏற்ற மருந்தைத் தருபவர் வைத்தியர். நோயாளி கேட்டதையெல்லாம் தருபவரை அப்பெயரால் அழைக்கிறோமா? தமிழ் மரபும் இதையே சொல்கிறது. நன்னூல் வகுத்த பத்து அழகுகளில் சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் உண்டு. பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலும் மயங்க வைத்தலும் உண்டு. திரைக்கு எழுதும் கலை என்று இன்று புதிதாகச் சொல்லப்படுவதில் நல்லவை அனைத்தும் அந்த அழகுகளுள் அடங்கும். தீயவை அனைத்தும் அந்தக் குற்றங்களுள் அடங்கும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம்

நிற்க. எதிர்த்தரப்பாரின் வாதத்தை மறைத்துவிட்டு வெற்றி முழக்கம் செய்வது நம் வழக்கமன்று. அவர்கள் கூறுவதில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது. சினமூட்டும் பொய்க்கு வேகம் அதிகம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்து ஆய்வாளர்கள் மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் உலவிய சுமார் 1,26,000 செய்திகளின் போக்கை ஆராய்ந்து, 2018 மார்ச்சில் 'ஸயன்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டனர். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவிகிதம் கூடுதல். 1,500 பேரை எட்டுவதற்கு உண்மை எடுத்துக்கொண்ட காலம், பொய் எடுத்துக்கொண்டதைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. இதனைச் செய்தவை பெரும்பாலும் இயந்திரக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

முகநூல் நிறுவனமோ 2017இல், ஒருவர் பதிவொன்றுக்குச் சினக் குறி இடுவதை, சாதாரண விருப்பக் குறியைப் போல் ஐந்து மடங்காகக் கணக்கிட்டு அந்தப் பதிவை முன்னிறுத்தியது. அதனால் விளைந்த கேடுகளை அதன் ஆய்வாளர்களே எடுத்துரைத்த பின்னர், 2020இல் சினக் குறியின் மதிப்பு பூஜ்யமாக்கப்பட்டது.

"பார்த்தீர்களா? சூடாக எழுதினால்தான் சேரும் என்பது நிரூபணமாகிவிட்டது!" என்பர். ஆம், நிரூபணமாகிவிட்டது. பொய் விரைவாகப் பரவுகிறது என்பது பொய் சொல்வதற்கு அனுமதிச் சீட்டாகுமா? கலப்பட எண்ணெய் விரைவில் விற்றுத் தீருகிறது என்பதற்காக, தொழுகையாளியான வியாபாரி கலப்படம் செய்யலாமா? வழியில் வழுக்கல் இருக்கிறது என்று அறிந்தவர் ஊன்றி நடப்பார். இவர்களோ சறுக்குவதற்குப் பயிற்சி தருகிறார்கள்.

அம்பாறை தந்த பாடம்

சூடான எழுத்தின் விலையை முஸ்லிம்களைவிட நன்கு அறிந்தவர் யார்? 2018 பிப்ரவரி இறுதியில், இலங்கையின் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுவதாகப் புரளி கிளம்பியது. உணவிலே தென்பட்ட கட்டி ஒன்றைக் காட்டி, சிங்களம் சரிவர அறியாத ஒருவரை மிரட்டிப் பெற்ற பதில் வீடியோவாகப் பரப்பப்பட்டது. கடைகள் தாக்கப்பட்டன, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது மருந்தன்று, வெறும் மாவுக் கட்டியே என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். உண்மை வந்து சேர்ந்தது. ஆனால் கடைகள் எரிந்த பிறகு வந்தது.

அடுத்த சில நாட்களில் கண்டி மாவட்டத்துத் திகனையில் கலவரம் மூண்டது. முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கியதில் சிங்கள லாரி ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்ததே அதன் உடனடிக் காரணம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு குற்றத்தை ஒரு சமுதாயத்தின் மீதான போராக மாற்றியதில் கைபேசி எழுத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. முஸ்லிம் இளைஞர் ஒருவர் எரிந்த வீட்டினுள் உயிரிழந்தார். அரசு அவசரநிலை அறிவித்து, முகநூல் முதலிய தளங்களைச் சுமார் ஒரு வாரம் முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளம் பயன்படுத்தப்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது.

அந்தப் புரளியை எழுதியவரும் நம் "காலத்திற்கேற்ற" எழுத்தாளர் சொல்லும் அதே பாடத்தைத்தான் கடைப்பிடித்தார்: அதிர்ச்சித் தலைப்பு, முதல் வரியில் கோபம், ஆதாரமின்மை, எல்லோருக்கும் அனுப்பச் சொல்லும் முடிவு. எந்த வாளால் நம் கழுத்து அறுபட்டதோ, அதே வாளைப் பிறை பொறித்த உறையில் இட்டு நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறார்களே, இது நியாயமா?

நல்லெண்ணம் போதுமா?

"எங்கள் நோக்கம் நல்லது, மக்களை அமலின்பால் தூண்டுகிறோம்" என்பது அடுத்த சமாதானம். இதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லப்பட்டுவிட்டது. மர்வ் நகரத்து நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவர், குர்ஆனின் ஒவ்வோர் அத்தியாயத்திற்கும் உரிய சிறப்புகள் என்று ஹதீதுகளைக் கூறி வந்தார். எங்கிருந்து கிடைத்தன என்று வினவியபொழுது, மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு வேறு கல்விகளில் மூழ்கியதைக் கண்டு, நன்மையை நாடித் தாமே இட்டுக்கட்டியதாக ஒப்புக்கொண்டார் என ஹதீதுக் கலை நூல்கள் குறிக்கின்றன. நோக்கம் நல்லதுதான்! ஆயினும் முஹத்திஸீன்கள் அவரைப் பொய்யர் பட்டியலில்தான் வைத்தார்கள்.

இன்று நம் வாட்ஸப் குழுக்களில் அந்த மர்வ்காரரின் வாரிசுகள் எத்தனை பேர்! ஷைகு அஹ்மத் என்பவர் மதீனாவில் கண்டதாகச் சொல்லப்படும் கனவு பல தலைமுறைகளாகக் கடிதமாகவும் அச்சிட்ட நோட்டீஸாகவும் உலவியது. அது பொய் என்று அறிஞர் பலர் எழுதியும் ஓயவில்லை. இப்பொழுது கைபேசியில் குடியேறிவிட்டது. இந்த ஓதலை இத்தனை முறை ஓதினால் இன்ன நோய் தீரும் என்று ஒரு செய்தி வரும்; எந்தக் கிதாபு என்று இராது. பெருநாள் பிறை தென்பட்டது என்று ரமலான் 29ஆம் இரவில் ஒரு செய்தி வரும். எந்த ஊர், எந்த ஆண்டு என்று இராது. சென்ற ஆண்டுச் செய்தியைப் பார்த்து இந்த ஆண்டு நோன்பை விட்டவரின் பாவத்தை யார் சுமப்பது? அனுப்பியவரைக் கேட்டால், "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்பார். அண்ணனுக்கு மச்சான் அனுப்பினார். மச்சானுக்குச் சவூதியிலிருந்து யாரோ அனுப்பினார். அந்த யாரோவுக்கு அனுப்பியவர் யார் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

ஸனது அறுந்த செய்தி

ஒரு செய்தியைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று இறுதிவரை தொடர்ந்து சென்று, ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் எடைபோடும் கலையை உலகுக்குத் தந்த சமுதாயம் இது. தொடரில் ஒருவர் அறியப்படாதவராக இருந்தால் போதும், அந்த அறிவிப்பு பலவீனமாகிவிடும். வாட்ஸப்பில் முன்னனுப்பப்படும் செய்தியிலோ முதலில் எழுதியவரின் பெயரே உடன் வருவதில்லை. தொடர் முழுவதுமே அறியப்படாதவர்கள்!

அந்த நிறுவனமே இதன் ஆபத்தை உணர்ந்தது. 2018இல், புரளியால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட கொடுமைகளுக்குப் பின், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு வகுத்தது. 2019இல் அது உலகெங்கும் விரிக்கப்பட்டது. ஐந்து கைகளோ அதற்கு மேலோ மாறி வந்த செய்தியை ஒரு முறைக்கு ஓரிடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. அத்தகைய செய்தியின் தலையிலே இரட்டை அம்புக்குறி இருக்கும். அதைக் கண்டால் நம்மவர், "இத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்களே, உண்மையாகத்தான் இருக்கும்" என்கிறார். "இத்தனை கை மாறியிருக்கிறதே, முதல் கை யாருடையது?" என்றல்லவா ஹதீதுக் கலையின் வாரிசு கேட்க வேண்டும்?

செய்தி கொண்டு வருபவரை விசாரித்துத் தெளியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் பணிக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு சொல்லப்பட்டதைக் கண்டிக்கும் அந்நூர் அத்தியாயத்திலோ, அந்த வதந்தியை மக்கள் ஏற்ற விதத்தைக் குறிக்குமிடத்தில் காது பேசப்படவில்லை, நாவே பேசப்படுகிறது. கேட்டதற்கும் சொன்னதற்கும் இடையே சிந்தனை நுழைய இடமே இருக்கவில்லை என்பது அதிலிருந்து நாம் பெறும் பாடம். இன்று நாவின் இடத்தில் விரல் இருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

வெள்ளைத் துணி

"அப்படியானால் அமைதியாக எழுதி எதைச் சாதித்துவிட முடியும்?" என்பர். அதே இலங்கையையே காட்டுகிறோம். 2020இல், கொரோனாவால் இறந்தோரைக் கட்டாயமாக எரிக்க வேண்டும் என்று அங்கே அரசு விதித்தது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதத்திலேயே கூறியிருந்தும், முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. டிசம்பரில், பிறந்து இருபதே நாளான பச்சிளங்குழந்தை ஒன்று பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. இதைவிட நெஞ்சைப் பிளக்கும் செய்தி வேறென்ன இருக்க முடியும்? சூடாக எழுத இதைவிடக் காரணம் வேண்டுமா?

மக்களோ கொழும்பு பொரளைக் கனத்தை மயானத்தின் வாயிற்கம்பிகளில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கொண்டுபோய்க் கட்டினார்கள். கஃபனை நினைவூட்டும் துணி. பிற சமயத்தாரும் வந்து கட்டினார்கள். துணிகள் அகற்றப்பட்டன, ஆனால் அவற்றின் படங்கள் சமூக ஊடகங்களில் உலகெங்கும் சென்றுவிட்டன. அந்தப் படத்துக்குக் கீழே எழுத வேண்டியிருந்தவை இரண்டே செய்திகள்: ஒரு குழந்தை எரிக்கப்பட்டது, அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இரண்டும் எவராலும் மறுக்க முடியாதவை. 2021 பிப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. 2024 ஜூலையில், மன்னிப்புக் கோர அந்நாட்டு அமைச்சரவை இசைந்தது. துணியும் எழுத்தும் மட்டுமே சட்டத்தை மாற்றின என்று நாம் மிகைப்படுத்தவில்லை; வெளிநாடுகளின் வற்புறுத்தலும் இருந்தது. ஆயினும் உண்மையான செய்தி பொய்யின் துணையின்றியே உலகை எட்டியது என்பதற்கு இது சான்று.

இனி எழுதுவோர்க்கு

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது எளிது. ஆலிம் பெருமக்களில் சிலர் அதைத்தான் செய்கிறார்கள். "கைபேசி ஃபித்னா" என்று மிம்பரில் முழங்கிவிட்டு இறங்கி விடுகிறார்கள். அவர்கள் விட்டுச் சென்ற இடத்தில்தான் ஷைகு அஹ்மதின் கனவு குடியேறுகிறது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதாததும் ஒரு குற்றமே. இன்னும் சிலர் எழுதுகிறார்கள். பத்தி பிரிக்காமல், முற்றுப்புள்ளி இல்லாமல், அரபுச் சொற்களுக்கு விளக்கமும் இல்லாமல் மூன்று முழ நீளத்துக்கு எழுதுகிறார்கள். அதனைத் திரை மடித்து மறைத்துவிடுகிறது. விரித்துப் படிப்பார் இல்லை. விளங்க வைக்காதது எழுதுபவரின் குற்றமேயன்றிப் படிப்பவரின் குற்றமன்று.

ஆகவே சில சொல்கிறோம். இறைவன் பெயராலும் ஸலாமாலும் தொடங்குங்கள்; அடுத்த வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வந்து விடுங்கள். ஒரு பதிவில் ஒரு பொருளையே பேசுங்கள். ஹதீதானால் நூலின் பெயரும் எண்ணும் தருக. செய்தியானால் ஊரும் தேதியும் தருக. இரண்டும் கிடைக்கவில்லையெனில் எழுதாமல் விடுக. உங்கள் பெயரை இடுங்கள். பெயரிட நாணும் எழுத்தை எழுதவே நாண வேண்டும். நீங்கள் எழுதுவதை உங்கள் தெருவின் முஸ்லிமல்லாத சகோதரரும் படிக்கிறார் என்பதை மறவாதீர்கள்; முகநூலுக்குச் சுவர் கிடையாது. தவறு என்று தெரிந்தால், எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினீர்களோ அந்தந்தக் குழுவுக்கெல்லாம் திருத்தத்தையும் அனுப்புங்கள்.

தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். "நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழ் எழுதவில்லையா? நாங்கள் ஆங்கில எழுத்தில் எழுதினால் என்ன?" என்று ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. அரபுத்தமிழை உருவாக்கிய நம் பெரியோர், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துகளையே அமைத்தார்கள். அவர்கள் பட்ட பாடு அது. நீங்களோ எந்தப் பாடும் படாமல், லகர ளகர வேறுபாட்டைத் தொலைத்துவிட்டு, 'பள்ளி'யையும் 'பல்லி'யையும் ஒன்றாக்கி விடுகிறீர்கள். ஜும்ஆவுக்கு எங்கே போவதென்று படிப்பவர் திகைக்க வேண்டியிருக்கிறது!

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் மக்தபிலே உட்கார்ந்து ஓதும் நேரத்தைவிடக் கைபேசியைப் பார்க்கும் நேரம் அதிகம் என்பதை நாம் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமென்பதில்லை. தீன் இதுதான் என்று அவர்கள் நம்புவது, நாளை, அந்தத் திரையில் நீங்கள் அனுப்பிய செய்தியாகவே இருக்கக்கூடும். மறுமையில் நம் ஏட்டைத் திறக்கும்பொழுது, எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று கேட்கப்படாது. எழுதியது உண்மையா, அனுப்புமுன் விசாரித்தாயா என்றே கேட்கப்படும். அந்தக் கேள்விக்கு விடை வைத்திருப்பவர் இன்றே எழுதத் தொடங்கட்டும். விடை இல்லாதவர் விரலைச் சற்று மடக்கிக் கொள்ளட்டும்.

வல்ல நாயன் நம் நாவையும் எழுத்தையும் வாய்மையின் மீது நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.